டப்பா எதையும் கேட்பதில்லை

பொங்கல் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்த தம்பியின் பையை, அழுக்குத் துணி எடுப்பதற்காகக் கவிழ்த்தேன். சட்டைகளோடு ஒரு டப்பாவும் விழுந்தது. வெள்ளை டப்பா, பச்சை மூடி, பக்கவாட்டில் இலைகளும் ஒரு குடலின் படமும். குடல் நலத்துக்கான பொடி. முப்பது பொட்டலம், 1,899 ரூபாய். பையின் அடியில் அதே போல இன்னும் இரண்டு கிடந்தன. இரண்டும் காலி.

எங்கள் வீட்டில் 1,899 ரூபாய் யாரையும் கேட்காமல் செலவாகும் தொகை இல்லை. அப்பா துறையூரில் சிறிய மளிகைக்கடை வைத்திருக்கிறார். நான் திருச்சியில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். தம்பிக்குப் பதினெட்டு வயது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்; நுரையீரலையும் செரிமானத்தையும் கெடுக்கும் பரம்பரை நோய். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் மருந்துக்கென்று ஓர் அலமாரியும், மருந்துச் செலவுக்கென்று ஒரு நோட்டும் இருக்கும். எங்கள் நோட்டில் இந்த மூன்று டப்பாக்களும் இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இன்யூலின் என்ற நார்ச்சத்து, பப்பாளியிலிருந்து எடுத்த ஒரு நொதி, மஞ்சள் சாறு. அடியில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் உறையில் இந்த வாசகம் இருந்தாக வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வாசகம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைப் படிக்க நான் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இந்த நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் நுரையீரலைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நோய்க்குப் பெயர் வந்தது வயிற்றிலிருந்து. 1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர், இறந்துபோன குழந்தைகளின் கணையம் கட்டிகளும் தழும்புகளுமாக இறுகிக் கிடந்ததைப் பார்த்து, இது தனியொரு நோய் என்று எழுதினார். 'கணையத்தின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்பதே அவர் வைத்த பெயர். பின்னாளில் கணையம் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. நோயிலிருந்து உதிரவில்லை.

1989இல் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. உயிரணுக்களின் சுவரில் குளோரைடும் பைகார்பனேட்டும் போய்வருவதற்கான ஒரு வாசலை அமைப்பது அதன் வேலை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் அந்த வாசல் திறக்காது. உடம்பில் வழுவழுப்பாக ஓட வேண்டிய நீர்மங்கள் எல்லாம் பசையாகிவிடும். எங்கள் அப்பா, அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். இருவரும் ஒரே பழுதை ஆளுக்கொன்றாகச் சுமந்திருக்கிறார்கள். எனக்கு அது நோயாக வரவில்லை. அவனுக்கு வந்தது.

ஆறு வயது வரை அவனுக்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்றார்கள். நம் பக்கத்தில் இளைத்து இருமும் பிள்ளை என்றால் அந்தப் பெயர்தான். காசநோய் மருந்தை ஆறு மாதம் கொடுத்தோம். பிள்ளை தேறவில்லை. விளையாடிவிட்டு வந்தால் அவன் நெற்றியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பாட்டி அதைப் புடவை முந்தானையால் துடைத்துவிட்டு, "இந்தப் பிள்ளையின் வியர்வை மட்டும் ஏன் கடல் தண்ணீராக இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படிக்காத பாட்டி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. வேலூரில் வியர்வைச் சோதனை செய்தார்கள். வியர்வையில் குளோரைடு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய்க்கான வலுவான சான்று. அவனுக்கு 104.

அன்றிலிருந்து கணைய நொதி மாத்திரை அவன் சோற்றோடு சேர்ந்துவிட்டது. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குக் கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, செரிமான நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதே இல்லை. மாவுச்சத்தை உடைக்க உமிழ்நீராவது கொஞ்சம் கைகொடுக்கும். கொழுப்புக்கு அந்த அளவு துணை இல்லை. கணையத்தின் லிபேஸ் என்ற நொதி இல்லாவிட்டால் நெய், தேங்காய், முட்டை இவற்றின் கொழுப்பில் பெரும்பகுதி எண்ணெயாகவே வெளியே வரும். அதோடு ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் சேர்ந்து போய்விடும். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைச் சின்னச் சின்ன மணிகளாக்கி, வயிற்று அமிலத்தில் கரையாத பூச்சு பூசி, கூட்டுக்குள் அடைத்திருப்பார்கள். கொழுப்புள்ள எதைச் சாப்பிட்டாலும் அதோடு விழுங்க வேண்டும். மென்றால் பூச்சு போய்விடும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் சோறு முன்னே போய்விட்டிருக்கும்.

இதெல்லாம் அவனுக்கு ஏழு வயதிலேயே பாடம். பிறகு ஏன் அந்தப் பொடி?

அன்று இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அவனே சொன்னான். விடுதி அறையில் நான்கு பேர். தளத்துக்கு இரண்டே கழிப்பறைகள். இவன் போய்விட்டு வந்தால் அடுத்தவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். வகுப்பில் வயிறு கடமுடவென்று சத்தம் போடும். உப்புசத்தில் கால்சட்டைப் பொத்தான் பூட்ட முடியாத நாள்கள் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் மாத்திரை எடுத்துப் போட்டால் "என்னடா நோய்?" என்ற கேள்வி வரும். அதனால் அறைக்கு வந்து போடுவான். சில நாள் போடாமலே விட்டுவிடுவான்.

"டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அக்கா, அங்கே நீயும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். மலம் மிதக்கிறதா, எண்ணெய் தெரிகிறதா, எத்தனை தடவை, என்ன நிறம் என்று கேட்பார்கள். எனக்குப் பதினெட்டு வயதாகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்த டப்பா எதையும் கேட்பதில்லை. காசு கட்டினால் வந்துவிடுகிறது."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னான். "மாத்திரைக்கு மாதம் அப்பா எவ்வளவு கட்டுகிறார் என்று நோட்டில் பார்த்தேன். இந்தப் பொடி வேலை செய்தால் அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடுத்த ஒரு மாதம் அலுவலகம் விட்டு வந்ததும் இதையே படித்தேன். ஆய்வுக் கட்டுரைகளின் தமிழாக்கம் எங்கும் கிடைக்காது. அகராதியோடு உட்கார்ந்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை, இப்படி ஒரு டப்பாவை வாங்கலாமா என்று யோசிக்கும் வேறொரு வீட்டுக்காக இங்கே எழுதுகிறேன்.

பொடி விற்பவர்கள் தொடங்குகிற இடம் பொய் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளின் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டம் மற்றவர்களுடையதைப் போல இருப்பதில்லை. பிறந்ததிலிருந்து நுரையீரலுக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக், குடலில் ஒட்டிக்கிடக்கும் பசைச் சளி, செரிக்காமல் தங்கும் கொழுப்பு, பைகார்பனேட் குறைவதால் தணியாத அமிலம் எல்லாம் சேர்ந்து அந்தக் கூட்டத்தைக் கலைத்துப் போடுகின்றன. குடலுக்கு நல்லது செய்யும் வகைகள் குறைகின்றன. குடல் சுவரில் மெல்லிய அழற்சி நீடிக்கிறது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளந்தால் அது தெரியும். ஆக, நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் நிலைமை சீராகாதா என்று நினைப்பதில் தவறே இல்லை. விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

2007இல் இத்தாலியில், லாக்டோபேசில்லஸ் ஜி.ஜி. என்ற ஒரே ஒரு குறிப்பிட்ட வகையைச் சில பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் தொற்று முற்றுவது குறைந்தது, எடை கூடியது. படிக்கும்போதே எனக்கு உற்சாகமாக இருந்தது. அங்கேயே கூடுதல் பிள்ளைகளை வைத்து, ஓராண்டு முழுக்க, எது மருந்து எது வெறும் பொடி என்று யாருக்கும் தெரியாதபடி மறுபடியும் செய்து 2018இல் வெளியிட்டார்கள். வேறுபாடு எதுவும் இல்லை. முதலில் நம்பிக்கை தந்தவர்களே இரண்டாவதையும் மறைக்காமல் எழுதினார்கள் என்பதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் விளம்பரங்களில் முதல் ஆய்வு மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்குப் புரோபயாட்டிக், அதாவது இப்படிப்பட்ட நல்ல பாக்டீரியா, கொடுத்த 12 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. எல்லாம் சேர்த்து 464 பேர். குடல் அழற்சியின் அளவு கொஞ்சம் குறையலாம். நுரையீரல் தொற்று முற்றுவதில் பெரிதாக மாற்றமில்லை. சான்றின் வலுவும் குறைவு. ஒவ்வோர் ஆய்விலும் வெவ்வேறு பாக்டீரியா, வெவ்வேறு அளவு, வெவ்வேறு காலம் என்றால் எதை எதோடு கூட்டுவது?

சத்துப் பொருளாக விற்கும் குளுட்டத்தயோன் என்ற இன்னொன்றும் இதே வழியில்தான் போயிற்று. 2015இல் ஒரு சிறிய இத்தாலிய ஆய்வில் பிள்ளைகளின் எடையும் உயரமும் கூடின. 2020இல் அமெரிக்காவில் 24 வாரம் செய்த ஆய்வில் வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் எங்கள் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். 2004இல் மஞ்சளில் உள்ள குர்க்குமின், இந்த நோய் உள்ள எலிகளில் அந்தப் பழுதான வாசலைத் திறந்தது என்று யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் பெற்றோர்கள் மஞ்சள் பொடியைத் தேடி ஓடியிருப்பார்கள். அதே ஆண்டிலேயே இன்னோர் ஆய்வகம் செய்து பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதியது. அம்மா இன்றும் அவனுக்கு இரவில் மஞ்சள் பால் கொடுக்கிறார். கொடுக்கட்டும். ஆனால் அந்தப் பாலில் கொழுப்பு இருக்கிறது, அதற்கும் நொதி மாத்திரை போட வேண்டும் என்பதை இத்தனை வருடம் நாங்கள் கவனிக்கவில்லை.

பப்பாளி நொதி புரதத்தை உடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் செரிமான டானிக்குகளில் பெரும்பாலும் டயஸ்டேஸும் பெப்சினும் இருக்கும். ஒன்று மாவுச்சத்துக்கு, இன்னொன்று புரதத்துக்கு. இவனுக்கு இல்லாதது லிபேஸ். 'செரிமான நொதி' என்ற ஒரே பெயரில் எல்லாம் விற்பதால், பதினெட்டு வயதுப் பையன் ஒன்றை இன்னொன்றுக்கு மாற்று என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்? இன்யூலினோ பெருங்குடலில் புளித்து வாயுவாகும் நார்ச்சத்து. ஏற்கெனவே உப்பிய வயிற்றில் அதைக் கொட்டியிருக்கிறான். உப்புசம் கூடியிருக்கிறது. டப்பாவோடு வந்த தாளில், முதல் சில வாரம் வயிறு உப்பும், அது நல்ல மாற்றத்தின் அறிகுறி என்று எழுதியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறான். அந்த ஒரு வரியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த நோயில் குடலில் பசை அடைத்துக்கொண்டு வலி வருவதும் உண்டு. வலது அடிவயிற்றில் பிடித்து, வாந்தி வந்து, மலம் போகாமல் நின்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதை 'நல்ல மாற்றம்' என்று ஒரு பிள்ளை பொறுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னோர் ஆபத்து இதைவிட அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. அடிக்கடி நரம்பு வழி மருந்து ஏற்ற வேண்டிய பிள்ளைகளுக்கு நெஞ்சில் தோலுக்கடியில் 'போர்ட்' என்ற, பெரிய நரம்புக்குள் போகும் குழாயோடு கூடிய சிறு கருவியை வைத்திருப்பார்கள். வயிற்றுப்போக்குக்கு நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் சாக்கரோமைசஸ் பௌலார்டி என்பது உயிருள்ள ஈஸ்ட். இதயத்துக்கு அருகே போகும் பெரிய நரம்பில் குழாய் உள்ளவர்களுக்கு அது இரத்தத்தில் கலந்து கடுமையான தொற்றானது உண்டு. 2017இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை அப்படிப்பட்டவர்களுக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்தது. அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட வேண்டாம். தம்பிக்கு போர்ட் இல்லை. உள்ள பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் வேலூருக்குப் போனோம். இந்த முறை அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். அவன் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நாற்பது நிமிடம் ஆயிற்று. அம்மா மூன்று முறை எழுந்து கதவருகே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

உள்ளே யாரும் திட்டவில்லையாம். டாக்டர் டப்பாவைப் படித்துவிட்டு, எந்த பாக்டீரியா என்று பேரினம், சிற்றினம் வரை இருக்கிறது, எந்த வகை என்ற அடையாளம் இல்லையே என்று காட்டியிருக்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இலேயே அதைக் குறிப்பிட வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன. ஒரே இனத்திலேயே ஒரு வகை செய்வதை மற்றொன்று செய்யாது. ஊர் பெயரை மட்டும் எழுதித் தெரு பெயர் எழுதாத கடிதம் மாதிரி அது.

பிறகு உணவியல் நிபுணர் அவனிடம் விடுதியின் ஒரு வாரச் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னார். இட்லி, தேங்காய்ச் சட்னி, பரோட்டா, சால்னா, முட்டைக் குழம்பு, இரவுக் கடையில் ஃபிரைடு ரைஸ். அப்போதுதான் கணக்கு வெளியே வந்தது. அவன் போட்டுக்கொண்டிருந்தது வேளைக்கு ஒரு 25,000 அலகு மாத்திரை. 25 கிலோ எடை இருந்தபோது எழுதிக் கொடுத்தது. அப்போது அது கிலோவுக்கு 1,000 அலகு. இப்போது அவன் 46 கிலோ. கிலோவுக்கு 550கூட வரவில்லை. ஒரு வேளைக்கு 500இலிருந்து 2,500 வரை என்பது பொதுவான எல்லை. அதன் அடிமட்டத்தில் நின்றுகொண்டு பரோட்டா சாப்பிட்டிருக்கிறான். அதுவும் சாப்பிட்டு முடித்து மாடியேறிப் போய். அதுவும் மிச்சம் பிடித்துப் பிடித்து. அதுவும் ஜன்னலோரத்தில் வெயில் விழும் அலமாரியில் வைத்திருந்த மாத்திரையை. சூட்டில் இந்த நொதிகளின் வீரியம் போய்விடும். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய சாப்பாட்டுக்கு மூன்று, சிற்றுண்டிக்கு ஒன்று என்று மாற்றினார்கள். மூன்றில் இரண்டை முதல் கவளத்தோடும், ஒன்றைப் பாதிச் சாப்பாட்டிலும் போட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே எண்ணிக்கையைக் கூட்டிவிட வேண்டாம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 அலகைத் தாண்டக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் வீரியம் கூடிய மாத்திரைகளை அளவின்றிக் கொடுத்ததில் பெருங்குடல் சுருங்கிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். 1994இல் பிரிட்டனில் அதை முதன்முதலாக எழுதினார்கள். அதனால்தான் இந்த எல்லையே வந்தது.

உப்பையும் தண்ணீரையும் பற்றியும் பேசியிருக்கிறார்கள். உப்புப் போட்ட மோர், நாளுக்கு இரண்டு தடவை. நம் ஊர்க் கோடையில் இந்தப் பிள்ளைகளுக்கு உப்பு ஒரு மருந்து. எங்கள் பாட்டி இருந்தால் சிரித்திருப்பார்.

புளித்த உணவு நல்லதா என்று அவன் கேட்டிருக்கிறான். தயிரும் பழைய சோறும் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடலாம், மருந்தாக நினைக்க வேண்டாம் என்றாராம். இட்லியில் பாக்டீரியா இருக்கிறதே என்று அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இட்லி ஆவியில் வெந்தபோதே அவை போய்விட்டன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

நோயின் வேரையே பிடிக்கும் மருந்து ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று மருந்துகள் சேர்ந்த அந்த மாத்திரைக்கு 2019 அக்டோபரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பழுதான வாசலை ஓரளவு திறக்கிறது. அதைச் சாப்பிடுபவர்களுக்குக் குடல் அழற்சியும் குறைகிறது. அனுமதி வந்தபோதே அங்கே அதன் ஓராண்டு விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். துறையூர் மளிகைக்கடையின் கல்லாவிலிருந்து அந்த எண்ணுக்குப் பாதை இல்லை. உண்மையான மருந்து எட்டாத உயரத்தில் இருக்கும்போது, 1,899 ரூபாய் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. தம்பி ஏமாந்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவன் தேடியது வீணான கேள்வியும் இல்லை. 2017இல் பிரிட்டனில் இந்த நோய் உள்ளவர்களும் குடும்பத்தாரும் மருத்துவர்களும் கூடி, ஆராய்ச்சிக்கு முதலில் எடுக்க வேண்டிய பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வயிற்று வலி, உப்புசம், குமட்டல் இவற்றைப் போக்குவது எப்படி என்பதற்கு அதில் இரண்டாம் இடம். கடல் கடந்து இருக்கும் அந்தப் பிள்ளைகளும் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். "இரண்டாவதா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

அப்பாவிடம் மாத்திரைச் செலவு கூடும் என்று நான்தான் சொன்னேன். கல்லாவை மூடிவிட்டு, "அவன் நோட்டைப் பார்த்தானா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அந்த நோட்டு அலமாரியில் இல்லை. கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

இப்போது தம்பியிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. என்ன சாப்பிட்டான், எத்தனை மாத்திரை, வயிறு எப்படி என்று அவனுக்கு மட்டும் புரியும் குறியீட்டில் எழுதுகிறான். அறைத் தோழர்களில் ஒருவனிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறான். மற்ற இருவரிடம் இன்னும் இல்லை. நேற்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். விடுதியில் நெய்ச்சோறாம். கூடத்திலேயே உட்கார்ந்து மூன்றையும் போட்டானாம். எதிரே இருந்த பையன் என்ன மாத்திரை என்று கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னாய்?" என்றேன்.

"நெய்க்கு என்றேன், அக்கா. அவன் எனக்கும் ஒன்று கொடு என்றான்."